ஒரு பனியனின் முழு விலை

ஒரு பருத்திப் பனியன் கடைக்கு வருவதற்கு முன் வயல், ஜின்னிங் ஆலை, நூல்மில், நிட்டிங் ஆலை, சாயப்பட்டறை, கட்டிங் மேசை, தையல் வரிசை என்று குறைந்தது ஏழு இடங்களைக் கடக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்று செலவாகிறது. பஞ்சு, நூல், மின்சாரம், கூலி ஆகியவை விலைச்சீட்டில் ஏறிவிடுகின்றன. ஆற்றில் கலந்த உப்பு, பூச்சிமருந்து அடித்தவரின் உடல்நலம், மேற்பார்வையாளருக்கு அஞ்சிக்கொண்டே தைக்கும் பெண்ணின் நிலை, தூக்கியெறிந்த துணி குவியும் ஊரின் கதி ஆகியவை ஏறுவதில்லை. அவற்றுக்கான பணத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள். சூழலைக் கெடுக்காத, சமூகப் பொறுப்புள்ள ஆடை வடிவமைப்பு என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது, இப்படி விடுபட்டுப்போன செலவுகளைக் குறைப்பதற்கும், குறைக்க முடியாதவற்றை உரியவர் கணக்கில் எழுதுவதற்குமான முயற்சி.

இந்த முயற்சியின் வெற்றியையும் தோல்வியையும் ஒருசேரப் பார்க்கத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு நகரத்திலிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் போகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய பிராண்டுகளின் பெயரில் விற்கும் டி-ஷர்ட்டுகள், குழந்தை உடைகள், உள்ளாடைகள் இங்கே பின்னப்பட்டு, சாயமேற்றி, தைக்கப்படுகின்றன. ஒரு பனியன் செல்லும் வழியே சென்றால் பொறுப்பு என்பது எந்தெந்த இடத்தில் என்னவாக இருக்கிறது என்பது விளங்கும்.

பருத்திக் காட்டில்

பருத்தி மண்ணில் விளைந்து மண்ணில் மட்கும் இழை. அதனாலேயே அது தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. ஒரு டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் தேவை என்ற கணக்கு உலக வனவுயிர் நிதியத்தின் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. இது உலகச் சராசரி. மழையை மட்டும் நம்பி விளையும் பருத்திக்கும் ஆற்றைத் திருப்பிவிட்டு விளைவிக்கும் பருத்திக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. அமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரைச் சோவியத் காலத்தில் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் மத்திய ஆசியாவின் ஏரல் கடல் பெரும்பகுதி வற்றிப்போனது. இந்தியாவிலோ பருத்திப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மானாவாரி. இங்கே தண்ணீரைவிடப் பூச்சிமருந்தும் கடனும்தான் விவசாயியை அதிகம் வாட்டுகின்றன. 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளுமாக சுமார் 20 பேர் நஞ்சேறி இறந்தார்கள்.

இதற்கு மாற்றாக வந்ததே இயற்கை வேளாண் பருத்தி. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் மரபணு மாற்றிய விதையும் இதில் கூடாது. உலகில் இத்தகைய பருத்தியை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. கரிசல் நிலத்தின் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி இனங்கள் மழைக்கும் பூச்சிக்கும் தாங்குபவை. ஆனால் இழை குட்டை என்பதால், நீள இழைக்கென்று அமைந்த நவீன நூல்மில்கள் அவற்றை வாங்க விரும்புவதில்லை. ஒரு விதை வயலில் நிலைப்பதும் மறைவதும் ஆலையில் உள்ள எந்திரத்தையும், அந்த எந்திரத்திலிருந்து எவ்வளவு மெல்லிய துணி வேண்டும் என்று கேட்கும் வடிவமைப்பாளரையும் பொறுத்திருக்கிறது.

நூல்மில்லும் விடுதியும்

தமிழ்நாட்டில் பருத்தி விளைவது குறைவு, நூற்பதோ அதிகம். குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து பஞ்சு வாங்கி, கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் ஆலைகள் நூலாக்குகின்றன. இந்தியாவில் நூல்மில்கள் மிகுந்த மாநிலம் இதுவே.

இந்த ஆலைகளில் பல ஆண்டுகள் நடந்ததே சுமங்கலித் திட்டம். தென்மாவட்டக் கிராமங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்துவரப்பட்டார்கள். ஆலை வளாகத்திலேயே விடுதி. வெளியே செல்லவும் வீட்டாரோடு பேசவும் கட்டுப்பாடு. மாதந்தோறும் கையில் கிடைப்பது சிறுதொகை. ஒப்பந்தம் முடியும்போது திருமணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நோயாலோ களைப்பாலோ இடையில் விலகியவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு அமைப்பு 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் இதை உலகச் சந்தையின் கவனத்துக்குக் கொண்டுபோயின. பிராண்டுகள் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அதுவரை பிராண்டுகளின் தணிக்கை தையல் கூடத்தோடு நின்றிருந்தது என்பதுதான். பனியன் கம்பெனிக்கு நேரடியாக ஆர்டர் கொடுத்தவர்கள், அந்தக் கம்பெனி யாரிடம் நூல் வாங்குகிறது என்று கேட்டதில்லை. இன்று ‘தடமறிதல்’ என்ற பெயரில் பஞ்சிலிருந்து கடை வரை ஒவ்வொரு கட்டத்தையும் பதிவு செய்யச் சொல்லும் விதிகள் வருவதற்கு இது போன்ற அனுபவங்களே காரணம்.

சாயமும் நொய்யலும்

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. 1980களில் ஏற்றுமதி பெருகத் தொடங்கியபோது ஆற்றின் இரு கரையிலும் சாயப்பட்டறைகளும் ப்ளீச்சிங் பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் இழையில் பிடிப்பதற்கு உப்பு வேண்டும். அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 50 கிராமுக்கு மேல் உப்பு போடுவது வழக்கம். சாயத்தின் ஒரு பகுதி துணியில் ஏறாமல் நீரிலேயே தங்கிவிடும். உப்போ முழுவதுமாக வெளியேறிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத உப்புதான் நொய்யல் பாசனப் பகுதியை அதிகம் கெடுத்தது. பின்னாளில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் அழுக்கையும் ஓரளவு நீக்கின. கரைந்த உப்பை நீக்கவில்லை.

ஈரோடு, கரூர் பகுதிகளில் சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. அணை நீரைத் திறந்துவிட வேண்டும் என்று போராடுவது விவசாயிகளின் வழக்கம். இங்கே திறக்கவே கூடாது என்று போராட நேர்ந்தது. கிணறுகள் உப்பேறின, தென்னையும் நெல்லும் போயின. ‘சூழலியல் இழப்பு ஆணையம்’ 2004இல் கணக்கிட்டு அளித்த தீர்ப்பில் சுமார் 28,600 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்கூட இல்லை. ஒரு தலைமுறை விவசாயத்துக்குக் கிடைத்த விலை அது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சாயக்கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் விழக்கூடாது என்று உத்தரவிட்டுக் காலக்கெடுவும் விதித்தது. கெடு முடியும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் அபராதம் விதிக்கப்பட்டது. கெடுக்கள் தவறின. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 2009இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்குப் பிறகும் நிலை மாறாததால், 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, ப்ளீச்சிங் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆர்டர்கள் வேறு ஊர்களுக்குப் போயின. சில பட்டறைகள் அனுமதியின்றிப் பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்து அங்குள்ள நீரையும் கெடுத்தன.

அதன்பின் வந்ததே உள்ளூரில் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று வழங்கும் முறை. மாநில அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. இப்போது சாயக்கழிவு முதலில் நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கப்படுகிறது. பிறகு எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் நல்ல நீர் பிரிக்கப்பட்டு மீண்டும் பட்டறைக்கே போகிறது. எஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பகுதி அப்படியே அடுத்த சாயமேற்றலுக்குப் பயன்படுகிறது. மீதி ஆவியாக்கிகளில் கொதித்து உப்பாகப் படிகிறது. நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மீட்கப்படுகிறது. இவ்வளவு பெரிய தொழில் நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் இந்த முறைக்கு மாறியது உலகின் ஜவுளித் தொழிலிலேயே அரிய நிகழ்ச்சி.

இதற்கும் விலை உண்டு. ஆவியாக்கிகளுக்கு மின்சாரமும் விறகும் நிலக்கரியும் வேண்டும். தண்ணீர் மிச்சமாகும்போது கரிப்புகை கூடுகிறது. மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் தேங்குகிறது. சாயக்கூலி உயர்ந்தது. பக்கத்து நாட்டில் கழிவை ஆற்றில் விட்டுச் சாயமேற்றியவரோடு அதே விலைக்குப் போட்டியிட வேண்டியிருந்தது. சுத்திகரிப்புச் செலவுக்கென்று வெளிநாட்டு வாங்குபவர் தனியாக எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை. நொய்யலில் விஷம் குறைந்ததற்குக் காரணம் பச்சை முத்திரையை விரும்பிய வாடிக்கையாளர் என்று சொல்வதைவிட, வழக்குத் தொடுத்த விவசாயியும் விட்டுக்கொடுக்காத நீதிமன்றமும் என்று சொல்வதே சரி.

வடிவமைப்பாளர் மேசையில்

சாயப்பட்டறையில் தெரியும் சிக்கலின் ஒரு பகுதி முன்னதாகவே, நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, முடிவாகிவிடுகிறது. கறுப்பும் கருநீலமும் அதிகச் சாயமும் உப்பும் கேட்பவை. வெளிர் நிறங்கள் குறைவாகக் கேட்பவை. திரையில் பார்த்த நிறத்தோடு இம்மியும் மாறக்கூடாது என்று வாங்குபவர் ‘லேப் டிப்’ மாதிரிகளைத் திரும்பத் திரும்ப நிராகரித்தால் ஒவ்வொரு முறையும் நீரும் சாயமும் வீணாகும். சிறிய நிறவேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும் ஒரு குறிப்பே எவ்வளவோ மிச்சப்படுத்தும்.

கட்டிங் மேசையிலும் அப்படியே. சட்டையின் பாகங்களை வெட்டியெடுத்த பிறகு துணியில் 10 முதல் 20 சதவீதம் துண்டாக விழுகிறது. பாகங்களை நெருக்கி அடுக்கக் கணினி மென்பொருள் வந்துவிட்டது. அதற்கு அடுத்த படி, துணியின் முழு அகலமும் பயன்படும்படி ஆடையின் அமைப்பையே மாற்றுவது. ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1990களின் இறுதியில் ஒரே துணிக்குழாயில் ஆடை முழுவதையும் பின்னி, கத்தரித்தால் மட்டும் போதும் என்ற முறையைக் கொண்டுவந்தார். பக்கத் தையல் இல்லாமல், உடலின் அகலத்துக்கே குழாயாகப் பின்னும் பழைய திருப்பூர் கைவைத்த பனியனில் இந்தச் சிக்கனம் ஏற்கெனவே இருந்தது. வேட்டி, சேலை, துண்டு ஆகியவை வெட்டே இல்லாதவை. தறியிலிருந்து இறங்கும்போதே ஆடை, கிழிந்தால் தொட்டிலும் கரித்துணியும்.

மூன்றாவது, கலவை. பருத்தியோடு பாலியெஸ்டரும், இழுவைக்காக ஐந்து சதவீத எலாஸ்டேனும் சேர்த்தால் துணி சொகுசாகும். ஆனால் ஆயுள் முடிந்ததும் இழைகளைப் பிரிப்பது கடினம். முழுப் பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டரே. இந்த நுணுக்கங்களை முதலில் முறையாக யோசித்தவர்களில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வில்லியம் மக்டொனாவும் ஜெர்மானிய வேதியியலாளர் மைக்கேல் பிரவுன்கார்ட்டும் முக்கியமானவர்கள். சுவிட்சர்லாந்தின் ரோனர் ஆலையில் விழுந்த இருக்கைத்துணித் துண்டுகளை அரசு அபாயக் கழிவு என்று அறிவித்திருந்தது. 1990களில் இவர்கள் அந்த ஆலைக்காகக் கம்பளியும் ராமி நாரும் கலந்த துணியை வடிவமைத்தார்கள். பரிசீலித்த சுமார் 8,000 ரசாயனங்களில் தேறியவை 38 மட்டுமே. அந்த 38ஐக் கொண்டே எல்லா நிறங்களையும் உருவாக்கினார்கள். துண்டுகள் தோட்டத்தில் மட்கும் பொருளாயின. ஆலையிலிருந்து வெளியேறிய நீர், உள்ளே போன நீரின் தரத்தில் இருந்தது. கழிவைப் பிறகு சுத்தம் செய்வதைவிட முதலிலேயே நஞ்சைச் சேர்க்காமல் விடுவது மலிவு என்பதற்கு இது சான்று.

தைக்கும் கைகள்

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவர் நகரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தின் வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களின் தையல் தொழிலாளர்கள் மட்டும் வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அங்கிருந்த சில தொழிற்சாலைகள் அதற்கு முன் சமூகத் தணிக்கையில் தேறியவை என்பது பின்னர் தெரிந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்து, பதிவேடுகளைப் பார்த்துவிட்டுப் போகும் தணிக்கையால் பயனில்லை என்பதை இந்த விபத்து வெளிச்சமாக்கியது. அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் ‘அக்கார்ட்’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முந்தைய நல்லெண்ண அறிக்கைகளைப் போலன்றி இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் ஆய்வுக்கு உள்ளாகி, தீப்பாதுகாப்புக் கதவுகளும் கட்டட வலுவூட்டலும் செய்யப்பட்டன.

தமிழ்நாட்டில் இதே வழியில் வந்தது 2022இன் திண்டுக்கல் ஒப்பந்தம். அந்த மாவட்டத்தின் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார்; கொன்றவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடியதன் முடிவில், தொழிற்சாலை நிர்வாகமும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. தையல் கூடத்தில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று அமர்த்தப்பட்டார்கள். ஒப்பந்தத்தின்படி, புகார் செய்பவரைப் பழிவாங்கக்கூடாது. நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வணிகரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆடைத் தொழிலில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க, பிராண்டுகளையும் கட்டுப்படுத்தும் வகையில் ஆசியாவில் உருவான முதல் ஒப்பந்தம் இது.

கூலிதான் இன்னும் அசையாத பகுதி. கடை விலையில் தைத்தவருக்குச் செல்லும் பங்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும், ஒரு குடும்பம் கண்ணியமாக வாழப் போதுமான கூலிக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி ஆசியத் தள ஊதியக் கூட்டணி போன்ற அமைப்புகள் நெடுங்காலமாகப் பேசிவருகின்றன. வடிவமைப்புக்கும் இதில் பங்குண்டு. கடைசி நேரத்தில் மாதிரியை மாற்றிவிட்டுக் கப்பல் தேதியை மாற்ற மறுக்கும் வாங்குபவரின் அவசரமே, தையல் கூடத்தில் இரவு ஓவர்டைமாக இறங்குகிறது. விற்கும் இடத்துக்கும் இது பொருந்தும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த ஜவுளிக்கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல்தான் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது.

வாங்கிய பிறகு

2000க்கும் 2015க்கும் இடையில் உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரட்டித்தது. ஓர் ஆடையைத் தூக்கியெறியும் முன் அணியும் தடவைகள் 36 சதவீதம் குறைந்தன என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கை கூறியது. வாரந்தோறும் புது மாதிரி என்று ஓடும் ‘ஃபாஸ்ட் ஃபேஷன்’ வணிகம் இதன் காரணம். நூறு முறை உடுத்திய சாதாரணச் சட்டை, ஐந்து முறை உடுத்திய இயற்கைப் பருத்திச் சட்டையைவிட உலகுக்கு நல்லது. சாயம் போகாத நிறம், பிரித்துத் தைக்கத் தையலில் விட்ட இடம், உபரியாக ஒரு பொத்தான் ஆகிய எளிய ஏற்பாடுகளை வடிவமைப்பின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

துவைப்பதும் கணக்கில் வரும். லீவைஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி ஒரு ஜீன்ஸின் வாழ்நாளில் செலவாகும் 3,781 லிட்டர் நீரில் 68 சதவீதம் பருத்தி வயலிலும் 23 சதவீதம் வீட்டுத் துவையலிலும் போகிறது. பாலியெஸ்டர் துணியைத் துவைக்கும்போது நுண் பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து கடல்வரை செல்கின்றன. உலகின் இழை உற்பத்தியில் பாதிக்கு மேல் இன்று பாலியெஸ்டர்.

எறிந்த துணி எங்கே போகிறது

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கில் உலகம் ஆண்டுக்கு 9.2 கோடி டன் ஜவுளிக் கழிவை உண்டாக்குகிறது. பழைய துணியிலிருந்து மீண்டும் உடுத்தும் துணியாகத் திரும்புவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பணக்கார நாடுகள் தானமாகக் கொடுக்கும் உடைகள் கானாவின் அக்ராவில் உள்ள கண்டமான்டோ சந்தைக்கு மூட்டைகளாக வருகின்றன. விற்காதவை கடற்கரையில் சேர்கின்றன. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் துணிமலைகள் குவிந்து கிடக்கின்றன. ஹரியானாவின் பானிபட் நகரம் உலகெங்கிலும் இருந்து வரும் பழைய கம்பளி உடைகளைப் பிய்த்து மறுபடி நூற்று, மலிவுப் போர்வைகளாக ஆக்குகிறது.

திருப்பூரின் கட்டிங் வேஸ்ட்டுக்கும் சந்தை உண்டு. துண்டுகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, எந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்கப்பட்டு, பக்கத்து ஊர்களின் ஓப்பன் எண்ட் மில்களில் மீண்டும் நூலாகின்றன. நிறம் பிரித்திருப்பதால் இந்த நூலுக்குப் புதிதாகச் சாயம் போடத் தேவையில்லை. கையுறை, மிதியடி, போர்வை, ஏன், புதிய பனியன்கள்கூட இதில் உருவாகின்றன. பெயர் சூட்டப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவந்த மறுசுழற்சி இது. அந்தத் துண்டுகளைத் தூசிக்கு நடுவே தரம் பிரிக்கும் பெண்களின் நுரையீரலும் கூலியும் மட்டும் எந்தப் பசுமை அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து நூல் தயாரிக்கும் தொழில் கரூரிலும் வேரூன்றியிருக்கிறது. பிரதமர் மோடி 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த மறுசுழற்சி மேலங்கியின் துணி கரூரிலிருந்து போனது. பாட்டில் குப்பையில் விழுவதைவிட இது மேல். ஆனால் பாட்டிலை மீண்டும் பாட்டிலாகப் பலமுறை ஆக்க முடியும். துணியான பின் அடுத்த சுற்று பெரும்பாலும் இல்லை.

முத்திரையும் பொய்யும்

இவ்வளவையும் வாங்குபவர் நேரில் பார்க்க முடியாது என்பதால் சான்று முத்திரைகள் வந்தன. ‘காட்ஸ்’ எனப்படும் உலக இயற்கை ஜவுளித் தரம் அவற்றில் கடுமையானது. குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் இழை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிலாளர் உரிமை மூன்றையும் அது கேட்கிறது. அதிலும் ஓட்டை உண்டு. இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ்கள் தயாரிக்கப்பட்டதை 2020இல் அந்தத் தரத்தை நடத்தும் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது.

சான்றே இல்லாமல் ‘பசுமை’, ‘இயற்கைக்கு நண்பன்’ என்று எழுதிக்கொள்வது இதைவிடப் பரவலானது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கு வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. அதன்படி சுற்றுச்சூழல் பற்றிய எந்தக் கூற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொருள் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விற்காத ஆடைகளை அழிப்பதற்குப் பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலை முதல் அது தடை விதிக்கிறது. பிரிட்டனின் பர்பெரி நிறுவனம் ஓராண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது 2018இல் வெளியே வந்து ஏற்பட்ட கொந்தளிப்பை நினைத்தால் இந்தத் தடையின் தேவை புரியும். ஆடை ஒவ்வொன்றும் எங்கே, எதனால் உருவானது என்ற விவரம் அடங்கிய மின்னணு அட்டையும் படிப்படியாகக் கட்டாயமாகும். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் இனி இந்தக் கணக்குகளைக் காட்டியே விற்க வேண்டியிருக்கும்.

ஆடைக்கு அப்பால்

இதே சிந்தனை பிற பொருள்களுக்கும் பொருந்தும். வடிவமைப்பாளர் விக்டர் பாபனெக் 1971இல் எழுதிய நூலில், தேவையற்றதை விற்பதற்காக வடிவமைப்பதை விடுத்து, ஏழைக்கும் ஊனமுற்றவருக்கும் உலகுக்கும் பயன்படுவதை வடிவமையுங்கள் என்று தன் துறையினரிடம் வாதிட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவிலின் உபாசனா வடிவமைப்புக்கூடம், ஆடை தைத்து மிஞ்சிய துண்டுகளிலிருந்து ‘சுனாமிகா’ என்ற சிறு பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. இழப்பிலிருந்து மீள அந்தப் பெண்களுக்கு அது கைவேலையாகவும் வருமானமாகவும் அமைந்தது. பொம்மை விற்கப்படவில்லை, பரிசாகவே உலகெங்கும் போனது. அதே ஆரோவிலில் இயங்கும் ஈகோ ஃபெம், துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்களை உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு தைக்கிறது. தமிழ்நாட்டில் 2019இல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2021இல் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் அதற்கு மாற்றுப்பொருளைப் பழைய வழக்கத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மாற்றம் நிலைத்த இடங்களில் யாரோ ஒருவர் சட்டப்படி பொறுப்பேற்க வைக்கப்பட்டிருக்கிறார்: நொய்யலில் சாயப்பட்டறை, வங்கதேசத்திலும் திண்டுக்கல்லிலும் பிராண்டு. நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய இடங்களில் முத்திரை மாறியது, நிலைமை அவ்வளவாக மாறவில்லை. வாங்குபவரால் ஆற்றைச் சுத்தம் செய்ய முடியாது. கூலியை நிர்ணயிக்கவும் முடியாது. ஆனால் குறைவாக வாங்கலாம், கிழிந்ததைத் தைத்து நெடுநாள் உடுத்தலாம், இந்தத் துணி எங்கே தைத்தது, சாயநீர் எங்கே போனது என்று கடையில் கேட்கலாம். ஒரு டி-ஷர்ட் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், மீதிப் பணத்தை ஓர் ஆறோ ஒரு விவசாயியோ ஒரு தையல்காரரோ கட்டியிருக்கக்கூடும் என்பதை வாங்கும் முன் எண்ணிப் பார்ப்பது நல்லது.